எடைக்குப் போடாத பக்கங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

அலமாரி நிறையப் பழைய வார இதழ்கள், எடைக்குப் போட மனசு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். போடாதீர்கள். கடித உறை செய்யுங்கள். ராமநாதபுரத்திலிருந்து நான் போடும் கடிதம் எதுவும் கடையில் வாங்கிய உறையில் போவதில்லை.

உங்களுக்கு வந்த உறை ஒன்றை, ஒட்டிய இடங்களில் ஈரத்துணி வைத்துப் பிரித்து விரியுங்கள். அதை அட்டையில் வரைந்து வெட்டிக்கொண்டால் அச்சு தயார். இதழ்ப் பக்கத்தின் மேல் அந்த அச்சை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, முகப்பில் எது விழவேண்டும் என்று முடிவுசெய்யும் நேரம் இருக்கிறதே, அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம். தொடர்கதைப் படத்தில் முகம் வேண்டாம். புடவைக் கரையும் ஜன்னல் கம்பியும் வந்தால் போதும். மடிப்பை ராமேஸ்வரத்துச் சங்குக் கடையில் வாங்கிய பெரிய சோழியால் தேய்க்கிறேன். அதன் வழவழத்த முதுகு தாளைக் கிழிக்காது.

பசைக்கு மைதா காய்ச்சித் துளி மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அண்டாது. குழந்தைகள் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். புளியங்கொட்டை மாவும் நன்றாகப் பிடிக்கும்; நெசவு நூலுக்கு அதில் கஞ்சி போடுவார்கள். உலகப்போர் சமயத்தில் புளியங்கொட்டைக்குத் திடீர்க் கிராக்கி வந்ததையும், சிறுவனாகத் தான் அதைப் பொறுக்கி ராமேஸ்வரம் மளிகைக் கடையில் ஒரு நாளைக்கு ஓரணா சம்பாதித்ததையும் அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் சொல்கிறார். கொட்டையை வறுக்கும்போதெல்லாம் அந்தப் பையன் என் நினைவுக்கு வருவான்.

முதல் உறையில் முகவரியைப் படத்தின் மேலேயே எழுதிவிட்டேன். வழவழத் தாளில் மை காயவில்லை. கைபட்டு ஊர்ப்பெயரே அழிந்து, கடிதம் போய்ச் சேரவில்லை. அதிலிருந்து முகவரிக்கு வெள்ளைத் தாள் துண்டு ஒட்டுகிறேன். பின்கோடு ஆறு எண்ணும் தெளிவாக இருக்கட்டும். 20 கிராம் வரை 5 ரூபாய்த் தபால்தலை போதும்; ஏ4 தாள் ஒன்று 5 கிராம், ஆகவே இரண்டு தாள் தாராளமாக எழுதலாம்.

தனுஷ்கோடிக்குப் போனால் தபால் நிலையத்தின் இடிந்த சுவரைப் பாருங்கள். 1964 டிசம்பர் புயல் வரை எழும்பூரிலிருந்து போட் மெயில் அங்கே வந்தது. கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக்கு அடுத்த ரயில். போன மாதம் அந்தச் சுவர் நிழலில் உட்கார்ந்து மன்னாரிலுள்ள என் சிநேகிதிக்கு ஒரு கடிதம் எழுதினேன். கப்பல் படம் போட்ட பழைய பக்கத்தில் அதற்கு உறை செய்து வைத்திருந்தேன். கூரையில்லாத அந்தக் கட்டடத்தில் போட முடியாமல், ராமேஸ்வரம் திரும்பித்தான் தபால்பெட்டியில் போட்டேன்.

ஐப்பசி பிறப்பதற்குள் செய்து வையுங்கள். அடைமழையில் இங்கே பசை காயாது. காற்றின் ஈரத்திலேயே உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அன்புடன்,
உங்கள் அக்கா