ப்ரீஆம்ப் வாங்கும் முன் ஸ்பீக்கரைப் பாருங்கள்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "அண்ணா, லெட் செப்பலின், கிரீம் மாதிரி சவுண்ட் வரணும். எந்த ப்ரீஆம்ப் வாங்கலாம்?" பணம் ஓரளவு சேர்ந்திருக்கும். ஒரு பிராண்டுப் பெயரைச் சொன்னால் அன்று மாலையே அண்ணா சாலைக்கு ரயில் ஏறிவிடுவார்கள். நான் பெயர் சொல்வதில்லை, திருப்பி ஒன்று கேட்பேன். கடைசியில் அந்த ஒலி எதன் வழியாக வெளியே வரப்போகிறது? சர்ச் மைக் செட்டா, ஹெட்போனா, சொந்த ஆம்பா?

அந்தக் காலத்து ராக் ஒலியில் ப்ரீஆம்பின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சின்னது. லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1962-இல் உருவான ஜேடிஎம் 45, அமெரிக்க ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பைப் பார்த்துச் செய்ததுதான். அதிலும் சரி, பிறகு வந்த 'பிளெக்ஸி'யிலும் சரி, மாஸ்டர் வால்யூம் கிடையாது. ஒலி உடைய வேண்டுமென்றால் மொத்த ஆம்பையும் அலறவிட வேண்டும். அப்போது ப்ரீஆம்ப் வால்வு கொஞ்சம்தான் திணறும். பவர் வால்வுகளும் ஸ்பீக்கரும்தான் பெரும்பங்கு வேலையைச் செய்யும். 1966-இல் ஜான் மேயலோடு எரிக் கிளாப்டன் செய்த 'புளூஸ்பிரேக்கர்ஸ்' ஆல்பத்தின் கிட்டார் ஒலி ஸ்டுடியோவுக்குள்ளேயே ஆம்பை உரக்க வைத்துப் பிடித்தது. கெயினை ப்ரீஆம்பிலேயே குவிப்பது பிற்பாடு, மெட்டலோடு வளர்ந்த பழக்கம். எனவே 'ஹை கெயின்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பெட்டியைத் தள்ளி வையுங்கள். உங்களுக்கு வேண்டியது கை அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறுகிற, கெயின் குறைந்த ப்ரீஆம்ப்.

இந்தப் பக்கத்தில் பெரும்பாலானோர் வாசிப்பது சர்ச்சிலும் கல்யாண மண்டபத்திலும் கல்லூரி விழாவிலும்தான். ஆம்ப் எடுத்துப் போக வண்டி கிடையாது. சவுண்டுக்காரர் ஒரு வயரை நீட்டுவார், அவ்வளவுதான். கிட்டார் பிக்கப் எதிர்பார்ப்பது சுமார் 1 மெகா ஓம் இன்புட். மிக்ஸரின் சாதாரண லைன் இன்புட் அதைவிடப் பல மடங்கு குறைவு. நேராகச் செருகினால் டிரெபிள் செத்துவிடும். இதற்கு எந்த ப்ரீஆம்பும் தீர்வுதான். ஆனால் அதற்கு அடுத்த சிக்கல் பெரியது. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். டிஸ்டார்ஷனின் கூர்முனைகளை மழுக்கி, காதுக்கு இதமாக்குவதே அதுதான். மைக் செட்டின் ஹார்னோ எல்லாவற்றையும் அப்படியே கக்கும். எவ்வளவு விலையுயர்ந்த ப்ரீஆம்பாக இருந்தாலும் ஈ மொய்க்கிற இரைச்சலாகத்தான் கேட்கும். ஆகவே மைக் செட்டுக்குப் போகிறவர்கள் கேபினெட் சிமுலேஷனும் (கிட்டார் ஸ்பீக்கரின் அந்தச் சரிவைப் போலச் செய்யும் பகுதி) எக்ஸ்எல்ஆர் அவுட்புட்டும் இல்லாத பெட்டியை வாங்கவே வேண்டாம். 1989-இல் வந்த டெக் 21 சான்ஸ்ஆம்ப் இந்தத் தேவைக்காகவே பிறந்தது. அதன் வழியில் வந்த சின்னப் பெட்டிகளில் மார்ஷல் பாணிக்கு 'பிரிட்டிஷ்', வாக்ஸ் பாணிக்கு 'லிவர்பூல்', ஃபெண்டர் பாணிக்கு 'பிளாண்ட்' என்று தனித்தனியே உண்டு. ஹெட்போனில் கேட்பவர்களுக்கும் கேபினெட் சிமுலேஷன் வேண்டும்.

சொந்த ஆம்ப் இருப்பவர்கள் முதலில் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். 'எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன்' ஜாக் இருந்தால் ப்ரீஆம்பை அதில் செருக வேண்டும், கேபினெட் சிமுலேஷனை அணைத்துவிட்டு. முன்பக்க இன்புட்டில் செருகினால் ஆம்பின் சொந்த ப்ரீஆம்பும் மேலே ஏறிக்கொண்டு ஒலி அடைத்துப் போகும். ரிட்டர்ன் ஜாக் இல்லை, ஆனால் ஆம்பின் கிளீன் ஒலி நன்றாக இருக்கிறது என்றால் முழு ப்ரீஆம்பே தேவையில்லை. ஒரு பூஸ்டர் போதும். லெட் செப்பலினின் ஜிம்மி பேஜ் பயன்படுத்திய எக்கோபிளெக்ஸ் டேப் எக்கோவின் ப்ரீஆம்ப் பகுதி, எக்கோ கேட்காத நேரத்திலும் ஒலிக்கு ஒரு கனம் கொடுக்கும். அதை மட்டும் எடுத்துச் செய்த ஈபி பூஸ்டர் போன்ற பெட்டிகள் கையளவுதான். ராக் கிட்டாரிஸ்ட் பிரையன் மே செய்ததும் பெரிய வித்தை இல்லை: டிரெபிள் பூஸ்டர், அதன் பிறகு வாக்ஸ் ஏசி30.

உள்ளே வால்வு ஒளிர்கிறதே என்று மயங்காதீர்கள். ஆம்புக்குள் 12ஏஎக்ஸ்7 வால்வு இருநூறு வோல்ட்டுக்குக் குறையாத மின்சப்ளையில் வேலை செய்யும். மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் அதற்குக் கிடைப்பது பன்னிரண்டு வோல்ட். அழகுக்காகக் கீழே ஆரஞ்சு எல்இடி ஒன்றும் வைத்திருப்பார்கள். அதைவிட ஒழுங்காகச் செய்த ஜேஃபெட் சர்க்யூட் எவ்வளவோ மேல்.

ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் வைத்த பூஸ்டர், ஃபஸ் பெட்டிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஜெர்மேனியத்தின் கசிவு மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இங்கிலாந்துக் குளிரில் தேனாக ஒலித்தது, சித்திரை மாதத்துத் திறந்த மேடையில் தும்மும். சிலிக்கான் போதும்.

மின்சாரத்தில் கவனம் வேண்டும். அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவரும் பெட்டியின் அடாப்டரில் '120 வோல்ட்' மட்டும் எழுதியிருந்தால் நம் 230-இல் செருகாதீர்கள். வால்வு ப்ரீஆம்புக்கு ஹீட்டர் மட்டுமே 6.3 வோல்ட்டில் 300 மில்லிஆம்பியர் இழுக்கும்; சாதாரண பெடல் அடாப்டர் தாங்காது. மண்டபத்தில் ஹம் வந்தால் ப்ளக்கின் எர்த் பின்னைப் பிடுங்குகிற வழக்கம் ஒன்று உண்டு. மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிப்பது அதனால்தான், உயிரே போகலாம். அதற்குப் பதில், ஹம்மைப் போக்கப் பெட்டியிலேயே 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். வீட்டில் 'ஜிர்ர்' என்று வந்தால் ப்ரீஆம்பைத் திட்டுவதற்கு முன் ஃபேனை நிறுத்திப் பாருங்கள். சுழற்றும் வகை எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்தான் பல வீடுகளில் குற்றவாளி.

கடைக்கு உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள். கடைக்காரர் தன்னிடமுள்ள நல்ல ஆம்பில் போட்டுக் காட்டுவார், எல்லாமே இனிக்கும். நீங்கள் பயன்படுத்தப்போகும் வகை ஸ்பீக்கரில் கேளுங்கள். கெயினைப் பாதிக்கு மேல் வைத்து, கிட்டாரின் வால்யூமைப் பத்திலிருந்து நாலுக்கு இறக்குங்கள். ஒலி தெளிந்தால் நல்ல பெட்டி. உடைசல் மாறாமல் அளவு மட்டும் குறைந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பிறகு முழு ஈ கார்டு ஒன்று அடித்து ஒவ்வொரு தந்தியும் தனியே கேட்கிறதா பாருங்கள். பேஸை மட்டும் மெல்லிய ஒலியில் முடிவு செய்யாதீர்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்கு பேஸ் எட்டாது. அறையில் சரியாக வைத்தது மேடையில் 'தொம் தொம்' என்று விழும்.

செகண்ட் ஹேண்டாக வாங்கினால் எல்லாக் குமிழ்களையும் ஒருமுறை முழுக்கத் திருப்புங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் கரகரப்பு வருவது சகஜம். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். ஜாக் ஆடினால் மட்டும் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.