கலங்கிய தாயும் கரையோரம் நடந்த மகளும்



மகனின் வேலை, மகளின் திருமணம், அடைக்க வேண்டிய கடன் என்று இரவில் தூக்கம் வராமல் புரண்டு படுக்கிறீர்களா? ஈமான் குறைந்துவிட்டதோ என்று அதையும் ஒரு கவலையாக்கிக் கொள்ளாதீர்கள்.

மூஸா (அலை) அவர்களின் தாயாரைப் பாருங்கள். குழந்தையைத் திருப்பித் தருவதாக அல்லாஹ்வே வாக்களித்திருந்தான். ஆனாலும் ஆற்றில் விட்ட பிறகு அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிவிட்டது என்கிறது ஸூரா அல்கஸஸின் 10வது வசனம். அதற்காக அல்லாஹ் அவர்களைக் கண்டிக்கவில்லை, உள்ளத்தை உறுதிப்படுத்தினான்.

அடுத்து அவர்கள் என்ன செய்தார்கள்? தம்பியைப் பின்தொடர்ந்து போகும்படி மகளிடம் சொன்னார்கள். ஃபிர்அவ்னைத் தடுக்க அவர்களால் முடியாது. மகளை அனுப்ப முடியும். அந்த மகள் வழியாகவே குழந்தை தாயின் மடிக்குத் திரும்பியது.

நீங்களும் இன்று இஷாவுக்குப் பிறகு யோசியுங்கள். இதில் என் கையில் இருப்பது எது? கடன் கொடுத்தவரிடம் தவணை கேட்பதா? அதை நாளையே செய்யுங்கள். மீதியை துஆவில் அல்லாஹ்விடம் ஒப்படையுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லையென்றால் மருத்துவரிடம் செல்லுங்கள். மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அல்லாஹ் நம் உள்ளங்களுக்கு அமைதியைத் தருவானாக! ஆமீன்.