கேஸ் இன்டர்வியூவுக்குத் தயாராக 12 குறிப்புகள்

கன்சல்டிங் நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் அதிகம் பயப்படுவது கேஸ் இன்டர்வியூவுக்குத்தான். "ஒரு சின்ன டிபன் கடை. வியாபாரம் அப்படியே இருக்கிறது, லாபம் மட்டும் குறைந்துவிட்டது. ஏன்?" என்று கேட்டுவிட்டு, அரை மணி நேரம் நீங்கள் யோசிக்கும் விதத்தைக் கவனிப்பார்கள். இதற்கான பயிற்சியை வீட்டிலிருந்தே எடுக்கலாம். ஒரு நோட்டும், தெருமுனைக் கடைகளைக் கூர்ந்து பார்க்கும் கண்ணும் இருந்தால் போதும்.

1. கேள்வியைக் கேட்டதும் விடைக்குத் தாவாதீர்கள். புரிந்துகொண்டதை ஒரே வரியில் திருப்பிச் சொல்லி, விடுபட்டதைக் கேளுங்கள். லாபம் எவ்வளவு குறைந்தது? எத்தனை மாதமாக? ஒரே கடையா, கிளைகளும் உண்டா? உரிமையாளர் எதிர்பார்க்கும் லாபம் எவ்வளவு? இந்த நான்கும் தெரிந்தால் பாதி வழி தெளிவாகிவிடும்.

2. "ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டுத் தாளில் கிளை பிரியுங்கள். வரவு என்பது வருகிறவர் எண்ணிக்கையைச் சராசரி பில்லால் பெருக்குவது. செலவில் இரண்டு வகை: விற்றால் மட்டும் வருவது, கடை திறந்தாலே வருவது. ஒரே செலவு இரண்டு கிளைகளில் வரக் கூடாது, எதுவும் விட்டுப்போகவும் கூடாது. மெக்கின்சியில் பணியாற்றிய பார்பரா மின்டோ பரப்பிய இந்த ஒழுங்குக்குத்தான் 'எம்.இ.சி.இ.' என்று பெயர்.

3. முதலில் ஒரே ஒரு பில்லுக்குக் கணக்குப் போடுங்கள். மாதிரிக்கு, சராசரி பில் 60 ரூபாய், அரிசி, உளுந்து, எண்ணெய், காய்கறி என்று சரக்குக்கு 24 ரூபாய் என வைத்துக்கொள்வோம். உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிறவரால் கையில் நிற்பது 36 ரூபாய். எந்தக் கடையாக இருந்தாலும் இந்த எண்ணைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

4. அடுத்து மாதக் கணக்கு. தினம் 300 பேர், 30 நாள் என்றால் வரவு 5,40,000 ரூபாய், சரக்குக்கு 2,16,000. மாஸ்டர், சப்ளையர் சம்பளம் 1,08,000, வாடகை 50,000, சிலிண்டரும் மின்சாரமும் 31,000. மீதி 1,35,000 ரூபாய். எண்களைப் பேசிக்கொண்டே எழுதுங்கள். எங்காவது பிசகினால் கேள்வி கேட்பவர் அங்கேயே எடுத்துக்கொடுப்பார். மனதுக்குள் போட்ட கணக்கில் அவரால் உதவ முடியாது.

5. கடை எத்தனை பேர் வந்தால் நஷ்டமில்லாமல் ஓடும் என்பதையும் சொல்லுங்கள். கணக்கு எளிதாக இருக்க, சம்பளம், வாடகை, சிலிண்டர், மின்சாரம் எல்லாவற்றையும் நிலையான செலவாகக் கொண்டால் மொத்தம் 1,89,000. இதை 36-ஆல் வகுத்தால் மாதம் 5,250 பேர், அதாவது நாளுக்கு 175 பேர். யாரும் கேட்காமலே இதைச் சொல்கிறவரைக் கேள்வி கேட்பவர் நிச்சயம் கவனிப்பார்.

6. வியாபாரம் குறையாமல் லாபம் குறைந்தால், எந்த வழியாக விற்கிறது என்று பாருங்கள். அந்த 300-இல் 100 ஆர்டர் இப்போது டெலிவரி ஆப் வழியாகப் போகிறது என்று வையுங்கள். கமிஷன் 25 சதவீதம் என்றால் 15 ரூபாய், பார்சல் டப்பாவுக்கு 5 ரூபாய். 36 ரூபாய் நின்ற இடத்தில் 16 ரூபாய்தான் நிற்கும். ஆர்டருக்கு 20 ரூபாய் வீதம் மாதம் 60,000 ரூபாய் போய்விடுகிறது. லாபம் 1,35,000-லிருந்து 75,000-க்கு இறங்கிய காரணம் இங்கே கிடைத்துவிட்டது.

7. காரணம் கிடைத்ததும் "ஆப்பை நிறுத்திவிடலாம்" என்று சொல்லிவிடாதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். அந்த 100 பேர் முன்பு கடைக்கே வந்து சாப்பிட்டவர்களா, புதியவர்களா என்று கேளுங்கள். பழையவர்கள் என்றால், நேரில் வந்து பார்சல் வாங்குவோருக்குச் சின்னச் சலுகை தந்து திரும்ப அழைக்கலாம். பக்கத்தில் புதுக்கடை வந்து பழைய ஆட்கள் போய்விட, புதியவர்கள்தான் ஆப் வழியாக அந்த இடத்தை நிரப்புகிறார்கள் என்றால், ஆப்பை நிறுத்துவது மாதம் 48,000 ரூபாயை இழப்பதாகும். ஒரே எண்ணுக்கு இரண்டு வைத்தியம் உண்டு. எது பொருந்தும் என்று கேட்டறிவதுதான் இந்தத் தேர்வின் உயிர்நாடி.

8. எந்த மாதத்தோடு எந்த மாதத்தை ஒப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் புரட்டாசியில் பிரியாணிக் கடை வியாபாரம் இறங்குவது வழக்கம். கல்லூரி வாசல் கடைக்கு மே மாதம் மந்தம். சீசன் இறக்கத்தை நோய் என்று நினைத்து மருந்து சொல்லக் கூடாது.

9. நோட்டில் ஏறாத செலவைத் தேடுங்கள். சின்னக் கடைகளில் கல்லாவில் உட்காரும் கணவரும் மாவரைக்கும் மனைவியும் பெரும்பாலும் தங்களுக்குச் சம்பளம் எழுதிக்கொள்வதில்லை. சொந்தக் கட்டடம் என்றால் வாடகையும் எழுதுவதில்லை. இரண்டையும் சேர்த்தால் லாபம் என்று நினைத்தது கூலியாகவே இருக்கலாம். மீந்து புளித்துப்போன மாவையும் விடாதீர்கள். சாதாரண ஓட்டல் வசூலிக்கும் 5 சதவீத ஜி.எஸ்.டி.யில், வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. அந்த வரியும் செலவுதான்.

10. லாபம் வேறு, கையில் இருக்கும் பணம் வேறு. பக்கத்து அலுவலகத்துக்காரர்கள் மாதக் கணக்கு வைத்துச் சாப்பிட்டால் லாபம் நோட்டில் இருக்கும், கல்லா காலியாக இருக்கும். அந்த இடைவெளியை அடைக்கத் தண்டலுக்குப் பணம் வாங்கினால், தினசரி வசூல் கல்லாவைக் கரைக்கும், வட்டி லாபத்தைக் கரைக்கும். "நிலுவை எவ்வளவு, கடன் எவ்வளவு?" என்ற கேள்வியைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

11. கால்குலேட்டர் இல்லாமல் தினம் பத்து நிமிடம் கணக்குப் போடுங்கள். மளிகை ரசீதைக் கூட்டுங்கள், மின் கட்டணம் போன முறையைவிட எத்தனை சதவீதம் கூடியது என்று பாருங்கள். 10 லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி 10 மில்லியன் என்பது தயங்காமல் வாயில் வர வேண்டும். ஒரு சைபர் தவறினால் நல்ல யோசனையும் வீணாகும்.

12. வீட்டில் ஒருவரைக் கேள்வி கேட்கச் சொல்லி, பேசுவதை மொபைலில் பதிவு செய்து கேளுங்கள். மெக்கின்சியில் பெரும்பாலும் கேள்வி கேட்பவரே அடுத்தடுத்த கேள்வியாக நகர்த்துவார். பி.சி.ஜி., பெயின் நிறுவனங்களில் பெரும்பாலும் நீங்கள்தான் வழிநடத்த வேண்டும். இரண்டு விதமாகவும் பழகுங்கள். முடிக்கும்போது பரிந்துரையை முதலில் சொல்லி, அதற்கு எண்ணோடு கூடிய இரண்டு காரணம், அதில் உள்ள ஓர் ஆபத்து, உரிமையாளர் நாளைக்கே செய்ய வேண்டிய ஒரு வேலை என்று ஒரு நிமிடத்தில் நிறுத்துங்கள். அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ தமிழில் சொல்லிப் பாருங்கள். கடை நடத்திய அனுபவம் இல்லாத அவர்களுக்கே புரிந்துவிட்டால், இன்டர்வியூ அறையில் ஆங்கிலத்தில் சொல்வது கடினமாக இருக்காது.