பருத்தி ஊரிலிருந்து லடாக்: பை கட்டும் முன் ஒரு பாடம்



செமஸ்டர் லீவு நெருங்கினா எல்லா கேங்கிலும் ஒரு பேச்சு கிளம்பும்: "மச்சி, இந்தத் தடவை லடாக் போயே ஆகணும்டா." தாராளமா போலாம். டூர் பேக்கேஜ் இல்லாம நாமளே திட்டம் போட்டும் போலாம். ஆனா சோமனூர், பல்லடம் பக்கத்து ஆளுங்களுக்குக் குளிர்னா ஊட்டிதான். தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர். லே நகரம் சுமார் 3,500 மீட்டர். லேயில் நீங்க ரூமில் படுத்திருந்தாலே தொட்டபெட்டாவுக்கு மேல 850 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கீங்க.

அதனால "அங்க எத்தனை டிகிரி?" என்று மட்டும் பார்த்தால் போதாது. கவனிக்க வேண்டியது ரெண்டு: ஈரம், அவசரம்.

1. ஈரம்: நமக்குத் தெரிந்த பாடம்தான்

சோமனூர் விசைத்தறியில் ஓடும் காடாவும் திருப்பூர் பனியனும் பெரும்பாலும் பருத்தி. நம்ம வெயிலுக்கு அருமையான துணி. வியர்வையைக் குடிக்கும், அது ஆவியாகும்போது உடம்பு குளிரும். குளிர் பிரதேசத்தில் இதே குணம்தான் எதிரி. அங்கே உடம்பு குளிரக் கூடாது.

டெக்ஸ்டைல் மாணவர்களுக்கு இந்த எண்கள் தெரியும். காற்றிலிருந்து ஈரம் ஏற்கும் அளவு பருத்திக்குச் சுமார் 8.5 சதவீதம், கம்பளிக்கு 16, பாலியஸ்டருக்கு வெறும் 0.4. "அப்போ கம்பளிதானே அதிகம் ஈரம் பிடிக்குது?" என்று கேட்பீங்க. சரியான கேள்வி. கம்பளி இழை ஈரத்தைத் தனக்குள்ளே வாங்கிக்கொள்ளும். அதன் சுருள் மட்டும் அவ்வளவு சீக்கிரம் படியாது, இடையில் காற்று நிற்கும். பருத்தி நனைந்தால் தொய்ந்து தோலோடு ஒட்டும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்துவிடும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நம்மைச் சூடா வைப்பது துணி இல்லைங்க, துணி பிடித்து வைக்கும் காற்றுதான்.

அதனால் மூணு அடுக்கு:

- உடம்பை ஒட்டி: பாலியஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி. பருத்திப் பனியன், ஜட்டி, சாக்ஸ் வேண்டாம்.
- நடுவில்: ஃப்ளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர்.
- வெளியே: காற்றும் தண்ணியும் புகாத ஜாக்கெட். ஜீன்ஸ் கூடாது. அதுவும் பருத்திதான், நனைந்தால் லேசில் காயாது.

காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகளில் நல்ல ஃப்ளீஸ் மலிவாகக் கிடைக்கலாம். "தெர்மல்" என்று சொல்லி விற்பதெல்லாம் ஒன்றல்ல. லேபிளைப் பாருங்க. லேபிள் இல்லையா? வாங்கி வந்தபின் உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தட்டுக்கு மேலே கொளுத்திப் பாருங்க. காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டியான மணி ஆனால் பாலியஸ்டர். முடி கருகும் வாசம் வந்தால் கம்பளி.

இன்னொன்று: வியர்க்கும் அளவுக்கு நடக்காதீங்க. ஏறும்போது ஒரு அடுக்கைக் கழற்றுங்க, நின்றதும் போடுங்க. தூங்கும் முன் சாக்ஸை மாற்றுங்க. ஷூ இறுக்கமாக இருந்தால் எத்தனை சாக்ஸ் போட்டாலும் விரல் மரத்துப் போகும்.

2. அவசரம்: லீவு எத்தனை நாள்?

3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறையும். உடம்பு பழக நாள் வேணும். ஜிம் பாடி, கிரிக்கெட் டீம் கேப்டன் எல்லாம் இதில் கணக்கே இல்லை. ஃபிட்டா இருக்கிறவன்தான் வேகமாக ஏறி மாட்டுவான்.

விமானத்தில் இறங்கினால் முதல் 48 மணி நேரம் லேயில் ஓய்வு. மது வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டாம். அதன்பின் நினைவில் வைக்க ஒரே விதி: உயரத்தைக் கடக்கலாம், அங்கே தூங்கக் கூடாது. கர்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அதைக் கடந்து நுப்ராவில் சுமார் 3,100 மீட்டரில் தூங்கலாம். பாங்காங் ஏரி 4,200 மீட்டருக்கு மேல், அங்கே இரவு தங்குவதைக் கடைசி நாட்களுக்குத் தள்ளுங்க. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது பொதுவான வழிகாட்டுதல். லேயிலிருந்து பாங்காங் போவது இதைத் தாண்டும். அதனால்தான் நிறைய நாள் பழகிவிட்டுப் போகச் சொல்வது.

கோடை லீவு என்றால் தரைவழி நல்லது. கோவை வழியாக வாரம் ஒருமுறை போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் கத்ரா, 2025 ஜூனில் தொடங்கிய ரயிலில் ஸ்ரீநகர், அங்கிருந்து ரோட்டில் சுமார் 420 கி.மீ. ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்குள், கார்கில் சுமார் 2,700, பிறகு லே. படிப்படியா ஏறும். டிசம்பர் லீவு என்றால் பனியில் ரோட்டை நம்ப முடியாது, விமானம்தான். அப்போது லேயில் இரவில் மைனஸ் 15 வரைக்கும் போகும். மொத்தம் ஆறு நாள்தான் லீவா? லடாக்கை அடுத்த வருஷத்துக்கு வைத்துவிட்டு மணாலியோடு நிறுத்துங்க.

3. உடம்பு சொல்வதைக் கேளுங்க

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை: இது உயர நோயின் தொடக்கம். மேலே ஏறாதீங்க, ஓய்வெடுங்க. குறையாவிட்டால் இறங்குங்க.

குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்க. தள்ளாடினாலோ பேச்சு குழம்பினாலோ மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால் நுரையீரல். ரெண்டுமே உயிர் போகும் விஷயம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே இறக்குங்க, ஆக்சிஜன் கொடுங்க. லேயில் எஸ்.என்.எம். மருத்துவமனை இருக்கிறது. டயமாக்ஸ் மாத்திரையை ஊரிலேயே டாக்டரைக் கேட்டுத்தான் எடுக்கணும். சல்ஃபா அலர்ஜி இருந்தால் கட்டாயம் சொல்லுங்க.

4. சின்னச் சின்ன விஷயம்

- வெளிமாநிலப் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. கேங்கில் ரெண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.
- போனும் பவர் பேங்கும் உள்பாக்கெட்டில். குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும்.
- மூடிய அறையில் கரி அடுப்பை எரியவிட்டுத் தூங்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது.
- கூலிங் கிளாஸ், சன்ஸ்கிரீன் கட்டாயம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் பதம் பார்க்கும்.
- லேயை விட்டுப் போனால் ஏ.டி.எம். அரிது. கையில் பணம், அசல் ஆதார் வேணும். எல்லைப் பகுதி அனுமதி விதிகள் மாறும். கிளம்பும் வாரம் மாவட்ட நிர்வாக இணையதளத்தைப் பாருங்க.
- லடாக் பாலைவனம். குளிர்காலத்தில் குழாய் உறையும், பக்கெட் தண்ணிதான். நொய்யல்கரைக்காரங்களுக்குத் தண்ணியின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடைசியா ஒன்று. கேங்கோடு போகும்போது தலைவலியை யாரும் வெளியே சொல்ல மாட்டாங்க. தன்னால எல்லார் பிளானும் கெட்டுடுமேன்னு மறைப்பாங்க, சொன்னா "என்னடா, இதுக்கே சாய்ஞ்சுட்டியா?" என்று கலாய்ப்போம். அந்தக் கலாய்ப்புக்கு பயந்து ஒருத்தன் வாயை மூடினால் அவன் உயிருக்கே ஆபத்து. டிக்கெட் போடும் முன்னாடியே எல்லாரும் உட்கார்ந்து ஒத்துக்கோங்க: ஒருத்தன் "முடியலடா" என்றால் அன்னைக்கு யாரும் மேலே ஏறுவதில்லை, அவனைத் தனியா ரூமில் விட்டுப் போவதும் இல்லை. இதுக்கு ஒத்துக்காதவங்களோடு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

பத்திரமா போயிட்டு வாங்க மக்களே!