யாருக்காக உலை வைக்கப் போகிறாய்?

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. நீ அனுப்பிய திட்டத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். கம்பம் பைபாஸ் ஓரத்தில் இடம், கண்ணாடிச் சுவர், மலையைப் பார்த்தபடி நாற்காலிகள், தேக்கடிக்கும் மேகமலைக்கும் போகிறவர்கள் இறங்கிச் சாப்பிட ஒரு ஓட்டல். கணக்கெல்லாம் சுத்தமாக இருக்கிறது. இத்தனை வருஷம் கம்பெனியில் உழைத்தவளுக்கு அது வராமல் போகுமா? வேலையை விடாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்த முடிவு உன்னுடையது. திட்டத்தில் எங்கே தேடியும் கிடைக்காத ஒன்றைத்தான் கேட்கிறேன். விசேஷம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, உன் கடையில் யார் வந்து உட்காருவார்கள்?

சனி, ஞாயிறு, லீவு நாள், ஐயப்ப சீசன் எல்லாவற்றையும் சேர்த்து நீ சராசரி போட்டிருக்கிறாய். இந்தப் பள்ளத்தாக்கு சராசரிக்கு அடங்காது. கார்த்திகை பிறந்ததிலிருந்து மகரஜோதி வரை ரோட்டில் வண்டி ஓயாது, சரிதான். ஆனால் அந்தக் கூட்டம் கறி தொடாது. ஊருக்குள்ளும் மாலை போட்டவர்கள் நிறைய இருப்பார்கள். உன் மெனுவிலோ பாதிக்கு மேல் கறியும் மீனும். கூட்டம் மிகுந்துவிட்டால் போலீஸ் ஒருவழிப் பாதையாக்கிவிடும். போகிற வண்டிகள் கம்பம்மெட்டு வழியாக ஏறும். திரும்புகிறவை குமுளி, லோயர்கேம்ப் வழியாக இறங்கும். நீ பார்த்திருக்கும் இடத்தை அந்த நாளில் வண்டிகள் தொடுமா, தொட்டால் நிற்க வசதியுண்டா என்று தெரியாமல் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

ரோடே அடைபடும் காலமும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை வெடித்தபோது குமுளி ரோட்டில் போக்குவரத்து நின்றது. ஐயப்ப சீசனை நம்பிச் சரக்கு வாங்கி வைத்தவர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2023 மே 27-ஆம் தேதி அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள்ளேயே நுழைந்து, 144 தடையுத்தரவு போட்டார்கள். ஜூன் 5-இல் அதைப் பிடித்த பிறகுதான் சனம் மூச்சு விட்டது. இவற்றில் எதையும் எந்த அட்டவணையும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. கடை பூட்டிக் கிடந்தாலும் வாடகை நிற்காது. சமையல் மாஸ்டர் வீட்டு அடுப்பும் எரிந்தாக வேண்டும். ஆறு மாச வாடகையும் சம்பளமும் தனியாக வங்கியில் கிடக்க வேண்டும். கண்ணாடிச் சுவருக்கு ஒதுக்கிய பணத்தை அங்கே மாற்று.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். விடியுமுன் கம்பத்திலோ தேவாரத்திலோ போடியிலோ நின்று பார்த்திருக்கிறாயா? இடுக்கி மலையில் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் ஜீப் ஜீப்பாக ஏறிப் போவார்கள். சாயந்திரம் இறங்கி வருவார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அந்தப் பெண்கள் ஓட்டலில் சாப்பிடுகிறவர்கள் இல்லை. கூலியில் அதற்கு இடம் கிடையாது. நடுச்சாமம் கழிந்ததும் எழுந்து, வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஆக்கி வைத்துவிட்டு, தங்களுக்கு ஒரு தூக்கில் சோறு கட்டிக்கொண்டு ஜீப்புக்கு ஓடுவார்கள். நம் சொந்தத்திலேயே அப்படிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தூங்கும் நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாது.

அந்தத் தூக்குச் சோற்றை நீ செய்தால் என்ன? முதல் நாள் சாயந்திரம் இறங்கும்போது வெறும் தூக்கைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். காலையில் ஜீப் கிளம்பும் இடத்தில் நிறைத்துக் கொடு. எத்தனை தூக்கு என்பது ராத்திரியே தெரிந்துவிடும், அரிசி வீணாகாது. 2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் தாளுக்குத் தடை இருக்கிறது. தூக்கு அவர்களுடையது என்பதால் உனக்குப் பார்சல் செலவும் இல்லை. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, ஒரு முட்டை, துவையல். தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயிலுக்குக் கெட்டுப்போகும். தயிர்சாதத்தில் பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி மோர் மட்டும் விட்டால் மத்தியானம் மலைமேல் திறக்கும்போது பதமாக இருக்கும். அதே அடுப்பில் வேகும் இட்லிக்கும் பொங்கலுக்கும் ஜீப் டிரைவர்களும் சந்தைக்குப் போகிறவர்களும் திராட்சை ஏற்றும் லாரிக்காரர்களும் வருவார்கள். பறிப்பு ஓய்ந்த மாசங்களில் மலைக்குப் போகிறவர்கள் குறைவார்கள் என்பதையும் கணக்கில் வை. லாபம் சிறிது. ஆனால் தினமும் வரும். சுற்றுலாக்காரர்களுக்குச் சமைப்பதைக் குறைவாகச் சொல்லவில்லை. அது ஞாயிற்றுக்கிழமை வருமானம். அதன்மேல் வாடகையை ஏற்றாதே என்கிறேன்.

சரத்பாபுவைப் பற்றி எழுதியிருந்தாய். மடிப்பாக்கத்தில் இட்லி விற்ற தாயின் பிள்ளை, பெரிய சம்பளத்தை வேண்டாம் என்று சொன்னவர், அவரைப் பார்த்துத்தான் தைரியம் வந்தது என்று. நல்லது. ஆனால் வரிசையைக் கவனி. பிட்ஸ் பிலானி முடித்ததும் அவர் வேலைக்குப் போனார், குடும்பக் கடனை அடைத்தார். அதற்குப் பிறகுதான் அகமதாபாத் ஐ.ஐ.எம். படிப்பு, 2006-இல் ‘ஃபுட்கிங்’ நிறுவனம். அதுவும் ரோட்டோரம் போர்டு வைத்து, வருகிறவர்களுக்காகக் காத்திருக்கும் கடை இல்லை. கேட்டரிங், கேண்டீன். தினமும் ஒரே நேரத்தில் பசிக்கிற, எத்தனை பேர் என்று தெரிந்த கூட்டத்துக்குச் சமைத்தார். எல்லாரும் அவருடைய துணிச்சலைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த நிதானம்தான் பெரிதாகத் தெரிகிறது.

மெனுவில் அறுபது பதார்த்தம் போட்டிருக்கிறாய். வெட்டிவிடு. திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு 1957-இல் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல் ஆரம்பித்தபோது சீரகச் சம்பாவும் கறியுமாக ஒரு பண்டத்தை நிலைநிறுத்தினார். அவருடைய தலைப்பாகை பிறகு அந்தக் கடையின் பெயராகவே ஆனது. பண்டம் கூடக் கூட மாஸ்டர் கூடும். மாஸ்டர் கூடினால் உன் கை குறையும். சரக்கு மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் வராத நாள் வரும். முன்பணம் வாங்கிக்கொண்டு அடுத்த ஊர் கடைக்குப் போவது இந்தத் தொழிலில் சாதாரணம். அன்றைக்கு நீயே உலை வைத்து, தாளித்து, பந்தி முடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத முதலாளியை அடுக்களை மதிக்காது. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்ப ஊற்றுவதை நீதான் தடுக்க வேண்டும். திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில் கூடும் போலார் கூறுகள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2018-லிருந்து விதி இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் நம் கையால் அந்த எண்ணெயைப் பிறத்தியார் பிள்ளைக்குப் போடலாமா?

பணத்தில் இரண்டு இடம் சரியில்லை. ஓட்டல் ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதம் என்று எழுதியிருக்கிறாய். அதில் உள்வரிக் கழிவு கிடையாது. கிரைண்டர், நாற்காலி, எண்ணெய் வாங்கும்போது நீ கட்டும் வரி திரும்பி வராது. அதைச் செலவில் சேர். உனக்குச் சம்பளமும் போடவில்லை. முதலாளிக்குச் சம்பளம் எழுதாத கணக்கில் லாபம் தெரிவது பொய். மாசம் ஒரு தொகையைத் துணிந்து எழுது. அதன்பிறகு கையில் என்ன நிற்கிறது என்று பார்.

அடுத்தது உன் அம்மா, அப்பாவின் மருத்துவக் காப்பீடு. அது உன் கம்பெனியோடு போய்விடும். அவர்களுக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருக்கிறது. புதிதாக எடுக்கும் பாலிசியில் இருக்கிற நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வைப்பார்கள். ராஜினாமாக் கடிதம் எழுதுமுன் தனி பாலிசி எடு. இல்லாவிட்டால் கம்பெனி பாலிசியை அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனி பாலிசியாக மாற்ற முடியுமா என்று கேள். பி.எஃப். பணத்தையும் அம்மாவின் நகையையும் இந்தக் கடைக்குள் கொண்டுவராதே. இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

ஆவணியில் ஏலம் பறிப்பு மும்முரமாக இருக்கும். இப்போதைக்கு ராஜினாமா வேண்டாம், ஒரு வாரம் லீவு போட்டு வா. சென்னையிலிருந்து போடிக்கு 2023 ஜூன் முதல் நேரடி ரயில் ஓடுகிறது. தேனியில் இறங்கி பஸ் பிடித்தால் கம்பம். தினமும் அதிகாலையில் ஜீப் ஸ்டாண்டுக்கு என்னோடு வா. அந்தப் பெண்களிடம் நீயே கேள், என்ன சோறு கட்டுகிறார்கள், எவ்வளவு கொடுக்க முடியும், வேறொருத்தி ஆக்கிய சோற்றை வாங்கிச் சாப்பிட மனசு வருமா என்று. அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் என் யோசனையைத் தள்ளிவிட்டு வேறு வழி பார்ப்போம். பைபாஸ் இடத்துக்காரரிடம் ஆவணி முடிந்து பதில் சொல்வதாக நானே பேசிக்கொள்கிறேன். ரயில் டிக்கெட் போட்டதும் எனக்கு போன் பண்ணு.

உன் பெரியம்மா
கம்பம்