படிப்புக் கடனை எந்த நாளிலிருந்து அடைப்பது?



நமது யோங் பெங்கிலிருந்து ஜோகூர் பாலத்துக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பாலத்தைத் தாண்டினால் வேறு நாடு. ஆயினும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது அடுத்த ஊர் போலத்தான். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிங்கப்பூர் சர்வகலாசாலைகளில் இடம் கிடைக்கிறது. இடம் கிடைத்த சந்தோஷம் அடங்குவதற்குள் கடன் பத்திரம் வந்துவிடுகிறது. அதில் ஜாமீன் கையொப்பம் போட வேண்டியவர் தகப்பனார். அல்லது பக்கத்துக் கடை மாமா. "எப்போதிலிருந்து கட்டவேண்டும்?" என்று நாம் கேட்கிறோம். "படித்து முடித்து வேலை கிடைத்த பிறகு" என்று பிள்ளை சொல்கிறது. நாமும் பேனாவை எடுத்துவிடுகிறோம்.

பிள்ளை சொன்னது பொய்யல்ல. ஆனால் அது பாதி பதில். மீதிப் பாதியைச் சொல்லவே இதனை எழுதுகிறோம். நாம் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்தவரேயன்றி, பொருளாதாரம் கற்ற பண்டிதரல்லர். ஆயினும் இருபது வருஷங்களுக்கு மேலாகக் கல்லாவில் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கலைப் பார்த்து வருகிறோம். படிப்புக் கடனும் ஒரு கொடுக்கல் வாங்கலே.

மொத்த வியாபாரி அறுபது நாள் தவணையில் சரக்கு இறக்கிவிட்டுப் போகிறார். அறுபதாம் நாள் பணம் கட்டவேண்டும் என்பதற்காக, ஐம்பத்தொன்பதாம் நாள் இரவு பணத்தைத் தேடத் தொடங்குகிற கடைக்காரர் நம்மில் உண்டா? சரக்கு விற்க விற்க அவர் பணத்தை ஒதுக்கி வைக்கிறோம். தவணை நாள் வேறு, ஒதுக்கத் தொடங்கும் நாள் வேறு என்பது நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். படிப்புக் கடனில் மட்டும் அந்தப் புத்தி எங்கோ போய்விடுகிறது.

இந்தக் கடனில் மூன்று நாட்களைத் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். பாங்கி 'கட்டு' என்று சொல்லும் நாள் ஒன்று. வட்டி ஏறத் தொடங்கும் நாள் ஒன்று. நம் கைக்கோ பிள்ளையின் கைக்கோ பணம் வரும் நாள் ஒன்று. இம்மூன்றும் ஒரே நாளில் வருவதில்லை. நஷ்டம் வருவதெல்லாம் இவற்றின் இடைவெளியில்தான்.

சிங்கப்பூர் ஏற்பாட்டைப் பாருங்கள். அந்நாட்டுக் கல்வி அமைச்சு 1980 முதல் கட்டண மானியம் கொடுத்து வருகிறது. வெளிநாட்டுப் பிள்ளை அந்த மானியத்தை ஏற்றுக்கொண்டால், படித்து முடித்தபின் மூன்று வருஷம் சிங்கப்பூர் ஸ்தாபனம் ஒன்றில் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். மானியம் போக மிஞ்சும் கட்டணத்துக்கு பாங்கி மூலம் கடன் உண்டு. அந்நாட்டுக் குடிமக்கள் கட்டும் கட்டணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வரைதான் அந்தக் கடன். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணமே அதைவிட அதிகம். ஆகவே கடன் வாங்கினாலும் வீட்டிலிருந்து போகும் பணம் நிற்காது. முழுச் செலவையும் கடன் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் இதை முதலிலேயே அறிந்துகொள்ள வேண்டும்.

இனி நாட்கள். படிக்கும் காலம் முழுவதும் இந்தக் கடனுக்கு வட்டி இல்லை. படிப்பு முடிந்து சில மாதங்களில் வட்டி தொடங்குகிறது. அந்த வட்டி விகிதம் கூடும், குறையும். ஆனால் தவணை கட்டத் தொடங்குவதற்கோ, வேலை கிடைக்கும் வரையில், அதிகம் போனால் படிப்பு முடிந்து இரண்டு வருஷம் வரையில் அவகாசம் தருகிறார்கள். தவணைகளை இருபது வருஷம் வரை நீட்டிக்கொள்ளவும் இடமுண்டு.

இந்த இரண்டு வருஷ அவகாசத்தைத்தான் பலர் சலுகை என்று எண்ணுகிறார்கள். சலுகை உள்ளது படிக்கும் காலத்தில். பின்னே வரும் அவகாசத்தில் நாம் சும்மா இருக்கிறோம், வட்டி சும்மா இருப்பதில்லை.

ஒரு கணக்குக்குக் கடன் 30,000 சிங்கப்பூர் வெள்ளி, வட்டி வருஷத்துக்கு நூற்றுக்கு நாலரை என்று வைத்துக்கொள்வோம். ஒன்றும் கட்டாமல் இரண்டு வருஷம் இருந்தால் 2,700 வெள்ளி ஏறிவிடும். மூன்று வருஷத்தில் அடைப்பதானால் மாதம் சுமார் 892 வெள்ளி. மொத்தம் கட்டுவது 32,130 அளவில். அதையே இருபது வருஷத்துக்கு நீட்டினால் மாதம் 190 வெள்ளிதான். 'சின்னத் தொகை, வலியே தெரியாது' என்று தோன்றும். ஆனால் மொத்தம் கட்டுவது 45,500-க்கு மேல். முதலில் பாதிக்கு மேல் வட்டியாகவே போய்விடுகிறது. சிறிய தவணையைக் கண்டு மயங்குவது வாங்குகிறவர்களின் பழக்கம். விற்கிறவர்களான நாமே மயங்கலாமா?

ஆகவே நாம் சொல்வது இதுதான். கட்டத் தொடங்கும் நாளை பாங்கியின் கடிதத்தில் தேடாதீர்கள். வட்டி தொடங்கும் நாளை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நாலு வருஷப் படிப்பு என்றால் 48 மாதங்கள் வட்டியின்றிக் கையில் இருக்கின்றன. அந்த மாதங்கள் பணம் சேர்க்கக் கிடைத்தவை. மாதம் 300 சிங்கப்பூர் வெள்ளி ஒதுக்கினால் 14,400 சேரும். படிப்பு முடிந்ததும், வட்டி தொடங்குமுன் அதை ஒரே தடவையில் கட்டினால் மீதி 15,600. பிள்ளைக்கு உடனே வேலை அமைந்து, மாதம் 1,330 வீதம் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினால் கடன் தீர்ந்தது. வட்டி 400 வெள்ளிக்குள் நின்றுவிடும். மாதம் 625 ஒதுக்க வசதியுள்ள வீட்டுக்கு ஒரு காசு வட்டியுமில்லை.

ஒதுக்கும் பணத்தைக் கடைக் கணக்கில் வைக்கக்கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறோம். ரமலான் வந்தால் பேரீச்சம்பழத்துக்கும் பெருநாள் துணிக்கும் முன்பணம் வேண்டும். கல்லாவில் கிடக்கும் காசு எந்தக் காசு என்று அப்போது யாருக்கும் ஞாபகம் இராது. அதற்காகக் கடையின் முதலை உருவி ஒரே நாளில் கடனை அடைத்துவிட்டு, பிறகு சரக்கு வாங்க ஆலோங்கிடம் போய் நிற்பதும் கூடாது. அது வட்டிக்குப் பயந்து பெரிய வட்டியில் விழுவதாகும். கடை நின்றால்தான் மற்றப் பிள்ளைகளும் படிக்கும்.

வெள்ளி விஷயம் இன்னொன்று. ஒரு காலத்தில் இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்றாக மாறிக்கொண்டிருந்தன. 1973 மே மாதத்தில் அந்த ஏற்பாடு நின்றது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் பணம் மூன்று வெள்ளிக்கு மேல் வேண்டும். யோங் பெங்கில் சம்பாதித்துச் சிங்கப்பூர்க் கடனை அடைப்பது மேட்டுக்குத் தண்ணீர் இறைப்பது போன்றது. பிள்ளை அங்கே கட்டாயமாக வேலை செய்யவேண்டிய அந்த மூன்று வருஷமே கடனைத் தீர்க்கத் தகுந்த காலம். கடனும் அந்நாட்டு வெள்ளி, சம்பளமும் அந்நாட்டு வெள்ளி. மூன்று வருஷம் முடிந்து ஊருக்குத் திரும்பி, கோலாலம்பூரிலோ ஜோகூர் பாருவிலோ ரிங்கிட் சம்பளத்தில் அமர்ந்தபின் அதே தவணை மூன்று மடங்குக்கு மேல் கனக்கும். வேலை கிடைத்த மூன்றாம் மாதமே கார் கடன் எழுதும் பழக்கம் நம் வாலிபர்களிடம் பரவியிருக்கிறது. கார் ஓடும், படிப்புக் கடன் அப்படியே நிற்கும்.

உள்நாட்டில் படிக்கும் பிள்ளைகளின் கணக்கு வேறு. 1997-ல் சட்டப்படி ஏற்பட்ட பிடிபிடிஎன் என்னும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனுக்கு, 2008 முதல் 'உஜ்ரா' என்ற பெயரில் நூற்றுக்கு ஒன்று கட்டணமாக வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் நம் உறவினர் பிள்ளைகள் பாங்கிக் கடனில் வெளிநாடு போகிறார்கள். அங்கே வழக்கமாகப் படிப்புக் காலமும் அதன்மேல் ஒரு வருஷமும் தவணை கேட்பதில்லை. ஆனால் பணம் கொடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். பத்து லட்ச ரூபாய், நூற்றுக்குப் பத்து வட்டி என்று கொண்டால், முதல் தவணை வருமுன் ஐந்து வருஷத்தில் ஐந்து லட்சம் ஏறி நிற்கும். ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் இதை உறவினருக்கு எடுத்துச் சொல்லுங்கள்: அங்கே படிக்கும்போதே மாத வட்டியையாவது கட்டிவந்தால் முதல் வளராமலிருக்கும். இங்கிலாந்திலும் இந்த வட்டிப் பிரச்னை முஸ்லிம் மாணாக்கரை வருத்துகிறது. வட்டியில்லா மாற்று ஏற்பாடு செய்யச் சர்க்காருக்கு அதிகாரம் தரும் சட்டம் அங்கே 2017-ல் நிறைவேறிற்று.

வட்டி ஷரத்து எழுதிய பத்திரத்தில் கையொப்பமிடலாமா என்று சிலர் நம்மிடமே கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்வது ஆலிம்களின் வேலை. கடைக்காரர் பத்வா கொடுக்கக்கூடாது. கையொப்பமிடுமுன் அவர்களைக் கேளுங்கள். ஏற்கெனவே கையொப்பமிட்டவர்கள், வட்டி தொடங்குமுன் எவ்வளவு அடைக்க முடியுமோ அவ்வளவையும் அடைக்கப் பாருங்கள் என்று சொல்ல மட்டும் நமக்குத் துணிவுண்டு. வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பது அநீதி என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நாம் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். பாங்கி அவகாசம் தருவதும், பணம் இருக்கும்போது நாம் அதை நிறுத்தி வைப்பதும் வேறு வேறு.

வேலை கிடைக்காத பிள்ளை என்ன செய்வது? சிரமத்திலிருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கும்படி சூரத்துல் பகராவின் 280-ஆம் ஆயத்தில் கடன் கொடுத்தவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் சிரமத்தை வாய்திறந்து சொன்னால்தானே கொடுத்தவருக்குத் தெரியும்? பாங்கிக் கடிதங்களைப் பிரிக்காமல் அலமாரியில் அடுக்குவதும், கைப்பேசி எண்ணை மாற்றுவதும் நிலைமையைக் கெடுக்கும். தவணை தவறுமுன்பே எழுத்து மூலம் நிலைமையைச் சொல்லி, சிறிய தொகையாவது கட்டி வருவதாகக் கேட்கவேண்டும். கடிதம் எழுதத் தயங்கும் பிள்ளைக்குத் தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைக்கவேண்டும்.

இதில் ஜாமீன்தாரர் நிலைமை தனி. ஜாமீன் போடுவதை ஊர் மரியாதை என்று எண்ணிக் கையொப்பமிடுகிறவர்கள் அபூகதாதா (ரலி) அவர்களின் சம்பவத்தை நினைக்கவேண்டும். கடன் வைத்து இறந்தவரின் ஜனாஸாவுக்குத் தொழவைக்க நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கியபோது, அந்தக் கடனை நான் ஏற்கிறேன் என்று அவர் முன்வந்தார். அதன் பின்னரே தொழுகை நடந்தது. பிறகு அவரைக் கண்டபோது, அந்தத் தீனார்கள் என்னவாயின என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்ததாகவும் ஹதீஸில் வந்திருக்கிறது. ஏற்றேன் என்ற சொல்லோடு காரியம் முடிந்துவிடவில்லை. பணம் போய்ச் சேர்ந்ததா என்பதும் கேட்கப்பட்டது. ஜாமீன் போட்ட மாமாவும் வருஷத்துக்கு ஒரு முறை பிள்ளையிடம், "கடன் எவ்வளவு நிற்கிறது? வட்டி எந்தத் தேதி தொடங்குகிறது? பாங்கிக் கடிதத்தைக் காட்டு" என்று கேட்கலாம். அதில் வெட்கமில்லை. பிள்ளையும் அதைச் சந்தேகம் என்று எண்ணலாகாது.

கடன், வாங்கியவருடைய மரணத்தோடு தானே மறைந்துவிடும் என்று எண்ணியிருப்பதும் தவறு. பத்திரத்தின் நகல் ஒன்று ஜாமீன்தாரர் வீட்டிலும் இருக்கட்டும். பாக்கி எவ்வளவு என்பது இரு வீட்டு வஸிய்யத்திலும் எழுதப்பட்டிருக்கட்டும். கடைசித் தவணை கட்டிய மாதமே, கடன் முழுவதும் தீர்ந்தது, ஜாமீன்தாரர் பொறுப்பு நீங்கியது என்று பாங்கியிடமிருந்து கடிதம் கேட்டு வாங்கவேண்டும். வாங்கிய கடிதத்தைக் கடை லைசென்ஸ் வைத்திருக்கும் கோப்பிலேயே சேர்த்து வையுங்கள். அந்தக் கோப்பைத்தான் நாம் வருஷாவருஷம் தவறாமல் எடுத்துப் பார்க்கிறோம்.