பழைய ஹைப்ரிட் கார் வாங்கலாமா?



தொழுகை, நோன்பு பற்றிய மஸ்அலாக்களைக் கேட்டு நம்மிடம் வருவோர் பலர். ஒரு பொருளை வாங்குமுன் அதன் சட்டத்தைக் கேட்டு வருவோர் மிகச் சிலரே. அந்தச் சிலரில் ஒருவர் ஜும்ஆ முடிந்தபின் வந்தமர்ந்தார். திருச்சி பாலக்கரையில் குடியிருப்பவர். காந்தி மார்க்கெட்டில் சிறு வியாபாரம் செய்கிறார்.

ஸ்ரீரங்கத்தில் ஓர் அன்பர் தம் ஹைப்ரிட் காரை விற்கிறாராம். பார்க்கப் புதிது போலிருக்கிறது. விலையோ மலிவு. காரணம் கேட்டபோது விற்பவர் ஒளிக்கவில்லை. "பாய், 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்த வண்டி சென்னையில் என் மகன் வீட்டு வாசலில் நின்றது. உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. சொல்லாமல் விற்க எனக்கு மனம் வரவில்லை" என்றாராம். உடன் வந்த தரகரோ நம் சகோதரரைத் தனியே அழைத்து, "வாங்கிப் போடுங்க பாய். ரெண்டு வருஷம் ஓட்டிட்டு வெளியூர்க்காரர் யாருக்காவது தள்ளிடலாம். அவருக்கு என்ன தெரியப் போகுது?" என்றாராம்.

"ஹஜ்ரத், வாங்கலாமா? பிறகு அவர் சொன்னபடி விற்கலாமா?" என்பதே கேள்வி. இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை காண்போம்.

ஈரத்தை மேலே வையுங்கள்

திருநபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கண்டு அதனுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தில் கடுமையாக எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமன்று. ஈரத்தை மறைத்ததே குற்றம். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எத்தனையோ வாகனங்கள் நீரில் மூழ்கின. அதே 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. கார் நனைந்தது பாவமாகாது. விரிப்பை உலர்த்தி, வாசனை தெளித்து, வாய் மூடி விற்பதே பாவம். வாங்குபவர் முஸ்லிமானாலும் மாற்று மதத்தவரானாலும் மோசடி ஹராமே.

இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. குறையுள்ள துணி ஒன்றை அவர்களுடைய கூட்டாளி குறையைச் சொல்லாமல் மறதியாக விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்று தெரியவில்லை. இமாமவர்கள் கிடைத்த தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்பது வரலாறு. மறதிக்கே அப்படி என்றால், திட்டமிட்டு மறைப்பதற்கு என்ன சொல்வது? ஆகவே தரகர் காட்டிய வழி நமக்கு ஆகாது. ஸ்ரீரங்கத்து அன்பர் ஈரத்தை மேலே வைத்தார். இந்த ஹதீஸை ஓதும் நாம் அதை மீண்டும் கீழே புதைக்கலாமா?

வாங்கும் பொருளை அறியுங்கள்

இனி முதல் கேள்விக்கு வருவோம். ஹைப்ரிட் காரில் பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் விசையை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். எனவே நின்று நின்று செல்லும் பாதையில்தான் இதன் சிக்கனம் நன்கு தெரியும். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து ஸ்ரீரங்கம் போய் வருபவருக்கு நல்ல லாபம் உண்டு. சென்னைச் சாலையில் ஒரே வேகமாக முந்நூறு கிலோ மீட்டருக்கு மேல் ஓட்டுபவருக்கு அந்த அளவு லாபம் கிட்டாது.

இதில் இரு வகை உண்டு. 2015-இல் வந்த மாருதி சியாஸ் எஸ்.ஹெச்.வி.எஸ். போன்றவற்றில் மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவே. மின்சாரத்தால் மட்டும் வண்டி நகராது. 2022-இல் வந்த ஹோண்டா சிட்டி ஹைப்ரிட் போன்றவை சிறிது தூரம் மின்சாரத்திலேயே ஓடும். அதே ஆண்டு வந்த டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஆகியவை ஒரே பெயரில் இரு வகையாகவும் விற்கப்பட்டன. முழு ஹைப்ரிட் என்று பேசி விற்றது அவ்வாறில்லை எனத் தெரிந்தால், சொன்ன தன்மை பொருளில் இல்லாததால் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு.

கையை உள்ளே விடுங்கள்

1. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சேறும் துருவும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

2. பெரிய பேட்டரி பல வண்டிகளில் பின் இருக்கையின் கீழோ டிக்கியிலோ இருக்கும். ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் உடையவை. அவற்றை நாம் தொடலாகாது. கம்பெனி ஒர்க்ஷாப்பில் கருவி வைத்துச் சோதிக்கச் செய்யுங்கள்.

3. மேற்சொன்ன மூன்று கம்பெனிகளும் முழு ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என உத்தரவாதம் அறிவித்துள்ளன. வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும், கைமாறிய வண்டிக்கும் அது செல்லுமா, செல்லாவிட்டால் புதுப் பேட்டரி என்ன விலை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தவணையும் எழுத்தும்

பேசி முடிக்கும்போதே, சோதித்துப் பார்க்க மூன்று நாள் அவகாசம் என்று நிபந்தனை வைக்கலாம். ஃபிக்ஹு நூல்கள் இதைக் கியாருஷ் ஷர்த் என்கின்றன. ஹனபி, ஷாபிஈ இரு மத்ஹபுகளிலும் இதற்கு இடமுண்டு. மறைந்திருந்த பழைய குறை பின்னர் தெரியவந்தால் திருப்பும் உரிமையும் உண்டு. ஆனால் குறை தெரிந்தபின்னும் ஓட்டிக்கொண்டே இருந்தால் அந்த உரிமை போய்விடும். நம் சகோதரரிடம் விற்பவர் குறையை முன்னரே சொல்லிவிட்டார். அதை ஏற்று வாங்கியபின் அதே குறைக்காகத் திருப்பித் தர முடியாது. ஆகவே சோதனை முன்னால், பணம் பின்னால்.

பேரம் முடிந்தால் படிவம் 29, 30 இரண்டையும் எழுதி, பெயர் மாற்றத்தை உடனே முடியுங்கள். மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பதிவில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. நம் சோம்பலால் விற்ற மனிதரைச் சிக்கவைப்பது அமானிதத்துக்கு அழகன்று. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா சூராவும் நமக்குக் கற்பிக்கிறது.

சகோதரர் எடுத்த முடிவு

நாம் அவரிடம் கையிருப்பு எவ்வளவு என்று கேட்டோம். பாதிதான் இருந்தது. மீதிக்கு வட்டிக் கடன் என்றார். பெட்ரோலில் மிச்சம் பிடிக்கப் புறப்பட்டு வட்டியில் விழலாமா என்று கேட்டோம். அவர் தலைகுனிந்தார்.

ஆயினும் விற்பவரின் சம்மதத்தோடு வண்டியை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனார். பேட்டரி இணைப்புகளில் துரு இருப்பதாகச் சொன்னார்கள். அவர் வாங்கவில்லை. சோதனைக் கூலியைத் தாமே கொடுத்துவிட்டு, ஒர்க்ஷாப் தந்த சீட்டை ஸ்ரீரங்கத்து அன்பரிடம் ஒப்படைத்தார். "அடுத்து வருபவரிடம் இதையும் காட்டுகிறேன் பாய்" என்றாராம் அவர். நம் சகோதரர் இன்றும் பழைய ஸ்கூட்டரில்தான் மார்க்கெட்டுக்குப் போகிறார். காருக்கென்று மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி வருகிறார்.

அன்பர்களே! பழைய ஹைப்ரிட் கார் வாங்குவது ஜாயிஸான காரியமே. தேவை இருந்து, சோதித்துப் பார்த்து, வட்டியின்றி வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஒருநாள் அதை விற்க நேர்ந்தால், அதன் ஈரத்தை மேலே வைத்து விற்கும் துணிவும் நமக்கு இருக்க வேண்டும். வல்ல ரஹ்மான் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.